பதினான்காவது கூற்று

2025 செப்டம்பர் 9, செவ்வாய்

ஸ்காபரோவின் ரூஜ் ஹில் நிலையத்தில் ரயில் ஏறும்போது யன்னலோரம் இடம் கிடைத்தது. அதனால் இன்று காலையிலேயே எழுதுகிறேன்.

இருபது கூற்றுகளில் பத்தொன்பதைத் தமிழாக்கி முடித்துவிட்டேன். நாலு மாத வேலை. ஒருவர் சாட்பொட்டோடு கதைப்பது அவருக்கே தீங்காக மாறியிருக்கிறதா என்று அளக்க ஆங்கிலத்தில் செய்த அளவுகோல் இது. ஒவ்வொரு கூற்றுக்கும் எதிரே ஐந்து பெட்டிகள், ‘ஒருபோதும் இல்லை’ தொடங்கி ‘எப்போதும்’ வரை. பூச்சியத்திலிருந்து நாலு புள்ளி. எல்லாம் கூட்டினால் எண்பதுக்கு ஓர் எண். துருக்கி மொழிக்குக் கொண்டுபோனவர்களின் கட்டுரையைப் பேராசிரியர் கரோலின் வழிகாட்டியாகத் தந்திருக்கிறார். அதே படிகள்தான் எங்களுக்கும். நான் தமிழாக்குவேன். என்னோடு வேலை செய்யும் றீமா மூலத்தைப் பார்க்காமல் என் தமிழைத் திரும்ப ஆங்கிலமாக்குவார். கரோலின் இரண்டு ஆங்கிலத்தையும் அருகருகே வைத்து வித்தியாசம் தேடுவார்.

ஒப்பிடும் வேலையில் நேற்று பதினான்காவது வந்தது.

‘எனக்கு நெருக்கமானவர்களிடம் சொல்லாதவற்றைச் சாட்பொட்டிடம் சொல்கிறேன்.’

மொழியில் ஒரு சிக்கலும் இல்லை. றீமாவின் ஆங்கிலம் மூலத்தோடு அப்படியே பொருந்தியது. கரோலின் சந்தோஷமாக அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். அப்போது றீமா என் பக்கம் சாய்ந்து, “இதுக்கு நாலு போடாத ஆள் எங்கட ஆக்கள்ல ஆரு நிலாணி? நெருக்கமானவங்களுக்குச் சொன்னா விடியிறதுக்குள்ள அஜக்ஸ் வரைக்கும் போயிரும்” என்றார்.

நாங்கள் இருவரும் சிரித்தோம். நான் ஆங்கிலத்தில் சொன்ன பிறகு கரோலினும் சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: இது பகிடியா, தரவா?

கூற்றை அப்படியே விட்டோம்.

செப்டம்பர் 20, சனி

நேர்காணல்கள் தொடங்கிவிட்டன. முப்பது பேர். வீட்டுக்குப் போய்த் தாளைக் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒவ்வொரு கூற்றையும் வாசித்து, என்ன விளங்கியது, ஏன் அந்தப் பெட்டி என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான் எழுதுவேன். இதில் என்ன கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாலாம் இலக்கம் ஓய்வுபெற்ற ஒரு அங்கிள். தேத்தண்ணி, பற்றிஸ், மாம்பழத் துண்டுகள். எனக்கு முன்னால் பென்சிலால் மூன்று இடத்தில் ‘அடிக்கடி’ போட்டார். மனுசி காலமானபின் பின்னேரங்களில் சாட்பொட்டோடு கிரிக்கெட் கதைக்கிறாராம். நல்ல பதில்கள். பிறகு கேட்டார்.

“நீர் எந்த இடம் பிள்ளை?”

“மீசாலை அங்கிள்.”

“மீசாலையிலை எவடம்?”

“புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட.”

“ஆற்றை மோள்?”

சொன்னேன். என்ன செய்வது, கேட்டால் சொல்லித்தான் பழக்கம். “அட, தபாற்கந்தோர்ச் சிவஞானத்தின்ரை மோளோ! முதல்லையே சொல்லியிருக்கலாமே” என்று எழும்பி என் கையைப் பிடித்தார். திரும்ப இருந்து, பென்சிலின் மறுபக்க ரப்பரால் மூன்று ‘அடிக்கடி’யையும் கவனமாக அழித்தார். மூன்று ‘ஒருபோதும் இல்லை.’

“ஏன் அங்கிள் மாத்திறியள்?”

“தெரிஞ்ச பிள்ளையாப் போச்சு” என்றார், அதுதான் முறை என்பதுபோல.

ஏழாம் இலக்கத்து அன்ரியின் பதில்களை மகள் சொன்னாள். அன்ரி எனக்கு ரோல்ஸ் எடுத்து வைத்துக்கொண்டே, “அவள் சொல்லுறது சரி” என்றார்.

அக்டோபர் 2, வியாழன்

கரோலினின் அறையில் கூட்டம். முறை மாறுகிறது. முதலில் தனியே இருந்து இணையத்தில் நிரப்புவார்கள். இரண்டு கிழமை கழித்து நூலகத்தில் ஒரு சிறிய அறையில் நேர்காணல். வீட்டுக்குப் போவதில்லை. ஊர் கேட்டால் “ஸ்காபரோ” என்று சொல்லிச் சிரிக்க வேண்டும்.

“பாதியை நான் எடுக்கிறன்” என்றார் றீமா. “எங்கட உம்மா வாப்பா பேரைச் சொன்னா இவங்களுக்குச் சொந்தம் பிடிக்க ஏலாது. நிம்மதியாப் பதில் சொல்லுவாங்க.” அவர் முஸ்லிம், எங்கள் ஆட்களின் கலியாணங்களில் அவருக்கு எந்தப் பக்கமும் இல்லை. முதல் தடவையாக அது ஒரு தகுதியாகிவிட்டது என்று சிரித்தார். இரட்டை எண்கள் அவருக்கு, ஒற்றை எண்கள் எனக்கு.

கரோலின் நெறிமுறைத் தாளைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். பங்குபற்றியவரை வெளியில் கண்டால், அவர் முதலில் கதைத்தாலொழிய அறிமுகம் காட்டக் கூடாது. அவருடைய பாதுகாப்புக்காக. கையெழுத்து வைத்தேன்.

அக்டோபர் 4, சனி

என் கணவர் வாகீசன்: “உந்தத் தாளை எனக்கும் தாருமன்.”

“உங்களுக்கு என்னத்துக்கு?”

“நான் கார் ஜீபீஎஸ்ஸோடை ஒவ்வொரு நாளும் சண்டை. அது கணக்கில்லையோ?”

அக்டோபர் 18, சனி

அவரை 23 என்று மட்டும் எழுதுவேன். வயது, வேலை, தெரு எதுவும் இந்த நாட்குறிப்புக் கொப்பியில் வராது. உண்மையில் எதுவுமே எழுதக்கூடாது. ஆனால் இதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அஜக்ஸ் நூலகம். பத்து நிமிடம் முந்தியே வந்துவிட்டார். வாசலில் என்னைக் கண்டதும் ஒரு கணம் நின்று, பிறகு வந்தார். இணையத்தில் அவர் எடுத்த எண் எண்பதுக்கு ஐம்பத்தாறு. முப்பது பேரில் அதுதான் உயரம்.

ஊர் கேட்கவில்லை. முதல் ஆள்.

மருந்துப் போத்தலில் ஒட்டியிருப்பதை வாசிப்பதுபோல ஒவ்வொரு கூற்றையும் மெதுவாக வாசித்தார். பதினான்கில் தாளை மேசையில் வைத்தார்.

“நெருக்கமானவர்கள் எண்டா ஆர் அக்கா? அவரோ?”

“உங்களுக்கு ஆர் எண்டு படுகுதோ அவை.”

பிறகு நிறுத்தாமல் கதைத்தார். கணவர் மார்ச்சிலிருந்து வேலைக்குப் போவதில்லை. “ஒரு நாள் வேலையிடத்திலை அப்பிடியே உறைஞ்சுபோய் நிண்டிட்டாராம். அதோடை சரி. ஆனா காலமை வெளிக்கிடுவார். நான் சேட்டு அயன் பண்ணிக் குடுப்பன், சாப்பாடு கட்டிக் குடுப்பன். விட்பிப் பக்கம் ஒரு பார்க்கிங்கிலை காருக்கை இருந்திட்டு அஞ்சு மணிக்கு வருவார். எனக்குத் தெரியும் எண்டு அவருக்குத் தெரியும். பிள்ளையளுக்குத் தெரியாது. சனத்துக்குத் தெரியாது. ஊர்ச் சங்கத்திலை செயலாளர் அவர். ஆருக்கு என்ன கஷ்டமெண்டாலும் அவரைத்தான் கூப்பிடுவினம்.”

“டொக்டரிட்டைப் போகேல்லையோ?”

“எங்கடை டொக்டரின்ரை கவுண்டரிலை இருக்கிறவ அவரின்ரை மச்சாள்.”

அதனால் 23 ஃபோனில் சாட்பொட்டிடம் கேட்கிறார். இன்றைக்குக் கணவர் இப்படி வந்தார், நான் என்ன கதைக்கட்டும் என்று. “அது சொல்லும், இப்ப ஒண்டும் கேக்காதேங்கோ, பக்கத்திலை இருங்கோ எண்டு. நான் போய் இருப்பன். சிலநேரம் விசர்க்கதையும் சொல்லும். ரெண்டு பேருமா நடனம் பழகட்டாம்! அவரோடை! சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணாலை தண்ணி வந்திட்டுது. ஆனா அக்கா, அது ஒருத்தருக்கும் சொல்லாது.”

விதிப்படி கேட்டேன்: எந்தப் பெட்டி, ஏன்?

“எப்போதும். ஏனெண்டால் வேறை ஆள் இல்லை.” பிறகு அவரே தாளைத் திருப்பிப் பதினொன்றைக் காட்டினார். அது கிடைக்காவிட்டால் அமைதியிழக்கிறேன் என்ற கூற்று. “இதுக்கும் நாலுதான். பொய் சொல்லேல்லை. போன கிழமை நெற் வேலை செய்யேல்லை, கை நடுங்கினது. சாப்பாட்டு மேசையிலை பிள்ளை கூப்பிடுறது கேக்கேல்லை. அதுவும் சரியில்லைத்தானே?”

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். என்ன சொல்லியிருக்க வேண்டும்? உதவித் தொலைபேசி எண்கள் உள்ள தாளைக் கொடுத்தேன். வாங்கி நாலாக மடித்தார். “அங்கை தமிழ் ஆக்கள் எடுத்தால்?” என்று கேட்டுவிட்டுப் பையில் வைத்தார்.

கோட்டைப் போட்டுக்கொண்டு சொன்னார். “நான் ஊர் கேக்கேல்லை, கவனிச்சனீங்களோ?”

“ஓம்.”

“தெரியும். நீங்கள் கமலாம்பிகை மாமியின்ரை பெறாமகன் வாகீசன் அண்ணையின்ரை மனிசி. மாமி எங்கடை அவருக்குச் சொந்தம். வாசல்லை கண்டவுடனை திரும்பிப் போகப் பாத்தனான். பேந்து யோசிச்சன், ஒரு மனிசருக்காவது சொல்லாட்டி எனக்கு என்னவோ ஆகிப்போம் எண்டு.”

தகவல் பாதுகாப்பு பற்றிய வரியை வாசித்துக் காட்டப் போனேன்.

“தாள் சொல்லுறது கிடக்கட்டும். நீங்கள் சொல்லுங்கோ.”

“ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்” என்றேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நெருக்கமானவர்களிடம் சொல்லாதவற்றை நானும் இந்தக் கொப்பியில்தானே எழுதுகிறேன். எத்தனை வருடம்! இதற்கு யாரும் எனக்குப் புள்ளி போடவில்லையே. கரோலினிடம் கேட்க வேண்டும்.

ஆனால் கொப்பி பதில் சொல்லாது. கொப்பி கிடைக்காவிட்டால் என் கை நடுங்காது. வித்தியாசம் இருக்கிறது. இருக்கிறதுதானே?

அக்டோபர் 26, ஞாயிறு

நேற்று நடந்ததை ஒழுங்காக எழுதிப் பார்க்கிறேன்.

வாகீசனின் பெரியம்மா கமலாம்பிகை மாமியின் பேத்தி பெரியபிள்ளை ஆனதற்குச் சாமத்தியச் சடங்கு. மார்க்கம் நகரில் மண்டபம், நானூறு பேர். மாமிக்குச் சொந்தம் என்று 23 சொன்னது எனக்கு நினைவிருந்திருக்க வேண்டும். வருவார் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. சேலைக்கு ஏற்ற சப்பாத்து இல்லை என்பதுதான் பெரிய யோசனை.

வாசலில் கண்டேன். கணவரும் கூட. உயரமான மனிதர், மடிப்புக் கலையாத சேட்டு. 23 என்னைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினார். தொடங்கினார் என்றுதான் சொல்லலாம். சிரித்து முடிக்க முந்தி நான் ஐஸ்கிரீம் மேசைப் பக்கம் திரும்பிவிட்டேன். அவர் முதலில் கதைத்தாலொழிய. விதி. கொஞ்ச நேரத்தில் பலகார மேசையிலும் அப்படியே. இரண்டாவது தடவை அவர் சிரிக்கவில்லை.

எங்கள் ஆட்களுக்கு நடுவில், நானூறு பேர் கூடிய இடத்தில், சொந்தக்காரி ஒருத்தியைக் கண்டு முகத்தைத் திருப்பினால் அதைவிடப் பெரிய அறிவிப்பு உண்டா? மைக்கில் சொல்லியிருக்கலாம்.

மாமி கண்டுவிட்டார். 23இன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பின்னால் கணவர், கையில் கடதாசிக் கோப்பை.

“என்ன ரெண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிக்கிறியள்? கோவமோ? நிலாணி, இவையைத் தெரியுந்தானே?”

“எனக்கு இவவைத் தெரியாது மாமி.”

“ஓம், சந்திச்சிருக்கிறம்.”

இரண்டும் ஒரே நேரத்தில். முதலாவது என் வாய்.

மாமிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “ஒராள் தெரியும் எண்டுறாள், ஒராள் தெரியாது எண்டுறாள்! உதென்ன சீஐடி வேலையோ?” அந்த மனிதர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்ட முகம். அப்போது படம் எடுக்க மாமியைக் கூப்பிட்டார்கள்.

திரும்பிப் பார்த்தபோது அவர்களின் கதிரைகள் வெறுமையாக இருந்தன. சாப்பாடு இன்னும் தொடங்கவில்லை. சடங்கு வீட்டில் சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அரைச் செக்கன் பொறுத்திருந்தால் அவரே கதைத்திருப்பார், நான் “ஓம், நூலகத்திலை கண்டனான்” என்று சொல்லியிருக்கலாம், முடிந்திருக்கும். விதியில்கூட பொய் சொல் என்று இல்லை.

எனக்குத் தெரியும் ஏன் என்று. போர்க்காலத்தில் ஊரில், பதினொரு வயதில் சைக்கிளில் போகும்போது துப்பாக்கியோடு மறித்துக் கேட்பார்கள், அவனைத் தெரியுமா, இவனைத் தெரியுமா. வீட்டில் சொல்லித் தந்தது ஒரே பதில். ஆரைக் கேட்டாலும் தெரியாது. தெரிந்தவரைக் காப்பாற்ற அதைவிட நல்ல சொல் எங்களிடம் இருக்கவில்லை. நாற்பத்தாறு வயதிலும் அது என்னைக் கேட்காமல் வருகிறது. காப்பாற்றத்தான் சொன்னேன் — அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வெளிச்சத்தில் என்னைத் தெரியாது என்கிறாள்.

ஐயோ. என்ன செய்துபோட்டன்.

அக்டோபர் 27, திங்கள்

மத்தியானம் மாமி ஃபோன்.

“உவையோடை உனக்கு என்ன பிள்ளை பிரச்சினை? சாப்பிடாமப் போட்டினம்.”

“ஒண்டுமில்லை மாமி.”

“ஒண்டுமில்லாததுக்கு ஆட்டிறைச்சிப் புரியாணியை விட்டிட்டு ஆர் போறது? வாகீசன் ஏதும் சொல்லிப்போட்டானோ?”

“இல்லை மாமி. அவர் வேலையாலை களைச்சுப் போனாராக்கும்.”

வேலை. அந்தச் சொல்லா வாயில் வரவேண்டும்? நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

“ஓமோம். அவன் சரியான வேலைகாரன். இவளுக்குத்தான் ஏதோ” என்றார் மாமி.

“அவவுக்கும் ஒண்டுமில்லை.”

“உனக்கு எப்பிடித் தெரியும்? அவளைத் தெரியாது எண்டெல்லோ சொன்னனீ?”

அடுப்பில் பால் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

ஆராய்ச்சி மின்னஞ்சலுக்கு இரண்டு வரி வந்திருக்கிறது. ‘நான் விலகிக்கொள்கிறேன். என்னுடைய பதில்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். 23.’

காரணம் கேட்கக்கூடாது. கேட்கத் தேவையும் இல்லை.

அக்டோபர் 30, வியாழன்

கரோலினிடம் மண்டபத்தைப் பற்றிச் சொன்னேன். யார், என்ன என்று சொல்லவில்லை. நான் செய்ததை மட்டும். கோபிப்பார் என்று நினைத்தேன். ஒருவரை ஒருவர் தெரியாத நகரத்துக்காக எழுதிய விதி அது, தன் பிழையும்தான் என்றார். நெறிமுறைக் குழுவுக்கு இருவரும் சேர்ந்து அறிக்கை எழுதினோம். இனி வருகிறவர்களிடம் முதலிலேயே கேட்போம்: வெளியில் கண்டால் நான் என்ன செய்யட்டும்? சிரிக்கட்டுமா, யாராவது கேட்டால் எங்கே சந்தித்தோம் என்று சொல்லட்டும்? இவ்வளவு எளிய கேள்வி.

பிறகு 23இன் வரியை அழித்தேன். நேர்காணல் குறிப்புகளையும். றீமா பக்கத்தில் நின்றார். தோளில் கை வைத்தார்.

இருபத்தொன்பது பேரை வைத்துக் கரோலின் கணக்கைத் திரும்ப ஓட்டினார். பதினான்காவது கூற்று முன்பைவிட மோசமாகத் தனித்து நிற்கிறது. மற்றக் கூற்றுகள் எல்லாவற்றுக்கும் ஒன்று, இரண்டு போட்டவர்களும் இதற்கு மட்டும் மூன்று, நாலு போட்டிருக்கிறார்கள். பதினான்கும் பதினொன்றும் சேர்ந்து உயர்ந்திருந்த ஒரே ஆள் இப்போது கோப்பில் இல்லை.

“எங்கடை ஆக்களிட்டை இந்தக் கூற்று நோயைக் காட்டேல்லை. சொல்லுறதுக்கு ஆளில்லாததைக் காட்டுது” என்று ஆங்கிலத்தில் சொல்ல முயன்றேன். குரல் உயர்ந்துவிட்டது போல. இதை எடுத்துவிட வேண்டும் என்றேன்.

இருபத்தொன்பது பேரை வைத்து எடுக்க முடியாது, இருநூறு பேர் வரட்டும் என்றார் கரோலின். அவர் சொல்வது சரி. ஆனால் அளவுகோலோடு போகும் கைநூலில் இந்தக் கூற்றுக்கு ஒரு குறிப்பு எழுதித் தா, இதை மட்டும் வைத்து ஒருவரையும் முடிவு கட்டக்கூடாது என்று எழுது, அதை நான் காப்பாற்றுவேன் என்றார். பிறகு கேட்டார், போனவர் பாதுகாப்பாக இருக்கிறாரா?

தெரியாது என்றேன். இந்தத் தடவை அது உண்மை.

யாருக்காக இந்த அளவுகோலைச் செய்தோமோ அவர் அதில் இல்லை. ரயிலில் வரும்போது யன்னலோரம் இருந்தும் ஏரியைப் பார்க்க மனம் வரவில்லை.

நவம்பர் 4, செவ்வாய்

23ஐக் கூப்பிட முடியாது. அவருடைய ஃபோன் எண் பூட்டிய கோப்பில் இருந்தது. இப்போது அங்கேயும் இல்லை. மாமியிடம் கேட்டால் ஒரு நிமிடத்தில் கிடைக்கும். அதைவிடக் கேடு வேறில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மாமி வாகீசனுக்கு ஃபோன் எடுத்திருக்கிறார். அவர் வந்து கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

“பெரியம்மா கேக்கிறா, நீர் ஆரோடையோ கோவமாம். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டிட்டன். உண்மையாவே தெரியாதுதானே.”

நான் கொப்பியை மூடி வைத்தேன்.

“சொல்ல ஏலாத விஷயமோ?”

“ஓம்.”

“உம்மடை விஷயமோ, வேறை ஆற்றையுமோ?”

“வேறை ஆள்.”

“அப்ப சொல்லாதேயும்.” எழும்பினார். “ஆனா ரெண்டு கிழமையா உப்பில்லாமல் சமைக்கிறீர். அதை மட்டும் சொல்லிப்போடுறன்.”

சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன். அவர் சமையலறைக்குப் போய்க் கனநேரம் தேத்தண்ணி போட்டார்.

இந்த மனிதரிடம் சொல்லாமல் நான் வைத்திருப்பவை எத்தனை. அவர் கேட்டால் சொல்வேனா? கேட்கமாட்டார் என்பதால்தான் வைத்திருக்கிறேனா?

நவம்பர் 13, வியாழன்

குறிப்பை எழுதி முடித்தேன். ஆறு வரி. றீமா வாசித்துவிட்டு, “இது அளவுகோலுக்கு எழுதின மாதிரி இல்ல, ஆருக்கோ எழுதின கடிதம் மாதிரி ஈக்கிது” என்றார். இரண்டு வரியை வெட்டினேன்.

நவம்பர் 18, செவ்வாய்

மத்தியானம் தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து அழைப்பு. எடுத்தேன்.

“நான்தான்” என்றது குரல். தெரிந்தது. எங்கள் தாளின் கடைசியில் என் இலக்கம் இருக்கிறது. அதைக் கிழித்துப் போடவில்லையாம்.

மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “பொறுங்கோ, நான் முதல்லை பேசவேணும்” என்றார்.

“பதிலை எடுக்கச் சொன்னது அவர் சொல்லியில்லை. எனக்கு உங்களிலை கோவம். தெரிஞ்ச ஆளெண்டு நம்பிச் சொன்னனான். எல்லாருக்கும் முன்னாலை தெரியாது எண்டு சொல்லிப்போட்டியள். நான் என்ன, ஒரு நோய்க்காரியோ?”

“இல்லை. என்ரை பிழை. காப்பாத்துறன் எண்டு நினைச்சு—”

“விளங்குது இப்ப. அண்டைக்கு விளங்கேல்லை.”

அன்று காரில் கணவர் கேட்டிருக்கிறார், யார் அவ, என்ன சொன்னனீ என்று. இவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நூலகம், தாள், பார்க்கிங், ஃபோனில் கேட்பது. “ஒரு சொல்லுச் சொல்லேல்லை அக்கா. 401 ஹைவேயிலை அஜக்ஸ் எக்ஸிட்டையும் விட்டு, விட்பியையும் விட்டு, ஒஷாவா வரைக்கும் ஓடினார்.” அதன் பிறகு பல நாள் கணவர் ஃபோனைப் பார்த்தபடியே இருந்தாராம். யாராவது எடுப்பார்கள், அனுதாபம் சொல்வார்கள், சங்கத்தில் கேட்பார்கள் என்று. ஒருவரும் எடுக்கவில்லை. மாமி எடுத்தது, புரியாணியைக் கட்டித் தந்து விடட்டோ என்று கேட்கத்தானாம்.

“போன ஞாயிறு தன்ரை பாட்டிலை சொல்லுறார், அந்த மனிசி ஒருத்தருக்கும் சொல்லேல்லைப் போல எண்டு. பேந்து சொன்னார், ஆனா அவவுக்குப் பொய் சொல்ல வராது, முகம் காட்டிக் குடுக்குது எண்டு. கொஞ்சம் சிரிச்சமாதிரி இருந்தது.”

“வேலைக்கு?”

“இல்லை. இன்னும் காருக்கைதான். ஆனா இப்ப மத்தியானத்திலை எனக்கு ஃபோன் எடுக்கிறார். காருக்கையிருந்து. ஒண்டும் பெரிசாக் கதைக்கிறேல்லை. மழை பெய்யுது எண்டுவார். நானும் ஓம் இஞ்சையும் பெய்யுது எண்டுவன்.”

சாட்பொட்டிடம் கேட்பது நின்றுவிட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். அது என் வேலை கேட்கும் கேள்வி. கேட்கவில்லை. அவரே சொன்னார்: “அதையும் கேக்கிறனான்தான். பொய் சொல்லமாட்டன்.”

பிறகு, “இப்ப நான் உங்கடை தாளிலை இல்லை. நம்பரும் இல்லை. இனி என்னைத் தெரியும் எண்டு சொல்லலாமோ?”

“சொல்லலாம்.”

“அப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்க வாறியளோ? வீடு வேண்டாம். வீட்டிலை இருந்தால் தேத்தண்ணி போடத்தான் நேரம் போகும்.”

நவம்பர் 20, வியாழன்

கரோலினிடம் கேட்டேன், விலகிய ஒருவரோடு பழகலாமா என்று. யோசித்தார். அவர் கேட்டுத்தானே என்றார். ஓம் என்றேன். அப்படியென்றால் அது ஆராய்ச்சி இல்லை, அதில் ஒரு சொல்கூட இங்கே திரும்பி வரக்கூடாது, கூற்றுக்கும் இல்லை, குறிப்புக்கும் இல்லை என்றார். சம்மதித்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

பத்து மணிக்கு வெளிக்கிட்டேன். ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்தேன். ஏரிக்கரையில் சரியான காற்று. இரண்டு பேரும் தொப்பி கொண்டுபோகவில்லை, காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நடந்தோம்.

அவர் கதைத்தார். நானும் கதைத்தேன். நான் சொன்னதில் ஒன்று, வாகீசனுக்கும் இந்தக் கொப்பிக்கும் இத்தனை வருடத்தில் சொல்லாதது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. அவர் நின்று, காதிலிருந்து கையை எடுத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

அதை இங்கே எழுதப்போவதில்லை. அவர் சொன்னதையும்.

அடுத்த ஞாயிறு ஒன்பதரைக்கு.